கம்ப்யூட்டரை நியாயமா ஜெயிக்க முடியுமா?

செஸ்ஸில் கம்ப்யூட்டரை மனிதன் ஜெயிக்க முடியுமா? இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். முடியாது. உலக சாம்பியனே வந்து உட்கார்ந்தாலும் முடியாது. கட்டுரை முடிந்தது, எல்லோரும் கிளம்பலாம் :-)

கொஞ்சம் இருங்கள். அந்தக் கேள்வியில் ஒரு வார்த்தையைச் சேர்த்துப் பாருங்கள். "நியாயமாக" ஜெயிக்க முடியுமா? இப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை பாருங்கள். எது நியாயம் என்று முதலில் முடிவு பண்ணியாக வேண்டும். அதைத்தான் இங்கே கொஞ்சம் அலசலாம் என்று இருக்கிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம் மூன்றாம் ஆண்டு. கல்லூரி அணியில் நாலாவது போர்டு, அதுவும் யாருக்காவது காய்ச்சல் வந்தால். கம்ப்யூட்டர் படிப்புக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை. ஆனால் எங்கள் தணிக்கைப் பாடத்தில் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். கம்பெனியின் கணக்கு "உண்மையாகவும் நியாயமாகவும்" இருக்கிறதா என்று ஆடிட்டர் சொல்ல வேண்டும். இரண்டு வார்த்தை எதற்கு, ஒன்று போதாதா என்று முதலில் தோன்றும். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருந்தும், முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் படிக்கிறவனுக்குக் கிடைக்கும் படம் கோணலாகிவிடும். எண் சரி, படம் சரியில்லை. அதற்காகத்தான் இரண்டாவது வார்த்தை.

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செஸ் பக்கம் போவோம்.

எல்லோருக்கும் தெரிந்த போட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். 1997 மே மாதம், நியூயார்க். ஒரு பக்கம் கேரி காஸ்பரோவ், இன்னொரு பக்கம் ஐபிஎம்மின் டீப் ப்ளூ. முதல் ஆட்டத்தில் காஸ்பரோவ் ஜெயித்தார். இரண்டாவதில் டீப் ப்ளூ. அடுத்த மூன்றும் டிரா. மே 11 அன்று நடந்த ஆறாவது ஆட்டத்தில் 19 நகர்த்தலிலேயே காஸ்பரோவ் கையைத் தூக்கிவிட்டார். மொத்தக் கணக்கு மூன்றரைக்கு இரண்டரை. அதற்கு முந்தைய வருஷம், 1996-ல் பிலடெல்பியாவில் நடந்த போட்டியில் முதல் ஆட்டத்தை மெஷினிடம் கோட்டைவிட்டாலும் முடிவில் 4-2 என்று ஜெயித்தவர் இவர்தான்.

இந்த எண்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆக, 'உண்மை' என்ற முதல் வார்த்தைக்கு டிக் போட்டுவிடலாம். இரண்டாவது வார்த்தை?

ஆடிட்டர் மாதிரி பாருங்கள். எதிராளி ஐபிஎம். போட்டியை ஏற்பாடு செய்ததும் ஐபிஎம். பரிசுப் பணம் 11 லட்சம் டாலர் (ஜெயித்தவருக்கு 7, தோற்றவருக்கு 4) போட்டதும் ஐபிஎம். மெஷின் என்ன யோசித்தது என்ற பதிவேடும் அவர்கள் கையில். நம்மூர் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 141-வது பிரிவு, ஒரு கம்பெனியின் ஊழியரே அந்தக் கம்பெனிக்கு ஆடிட்டராக இருக்கக் கூடாது என்கிறது. ஊழியர் எல்லாம் திருடர் என்பதற்காக அல்ல. அவர் யோக்கியராகவே இருந்தாலும் வெளியில் இருப்பவன் நம்புவதற்கு வழியில்லை என்பதற்காக.

காஸ்பரோவ் அதுவரை ஆடிய முக்கிய ஆட்டங்கள் எல்லாம் உலகத்துக்கே தெரியும். டீப் ப்ளூ குழு உட்கார்ந்து அவற்றைப் படிக்கலாம். புதுப்பித்த டீப் ப்ளூ ஆடிய ஆட்டங்களைக் காஸ்பரோவ் பார்க்க வழியில்லை. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் மெஷினைத் திருத்திக்கொள்ளலாம் என்று விதியே இருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் மெஷின் மனுஷன் மாதிரி பொறுமையாக ஆடியதைப் பார்த்துக் காஸ்பரோவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார். அப்போது காட்டவில்லை. பிறகு இணையத்தில் வெளியிட்டார்கள். மறு போட்டி கேட்டார். கிடைக்கவில்லை. டீப் ப்ளூவைப் பிரித்துவிட்டார்கள், பாகங்கள் இன்று மியூசியத்தில் இருக்கின்றன.

ஐபிஎம் ஏமாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. காஸ்பரோவே 2017-ல் எழுதிய 'டீப் திங்கிங்' புத்தகத்தில் பழைய காட்டத்தைக் குறைத்துக்கொண்டார். அந்த இரண்டாவது ஆட்டத்திலேயே, அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட நிலையில் தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்யும் வாய்ப்பு பலகையில் இருந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு ஆடிட்டர் இந்தப் போட்டிக்குச் 'சுத்தம்' என்று கையெழுத்துப் போடமாட்டார். 'குறிப்புடன் கூடிய அறிக்கை' என்று ஒன்று இருக்கிறதே, அதைத்தான் கொடுப்பார். மோசடி என்று சொல்லமாட்டார், முழு மனதோடு சரி என்றும் சொல்லமாட்டார்.

சரி, அப்படியானால் நியாயமான விதிகள் போட்டிருந்தால் மனுஷன் ஜெயித்திருப்பானா? இங்கேதான் சுவாரஸ்யம்.

1997-க்குப் பிறகு நடந்த போட்டிகளில் ஆட்டக்காரர்கள் விவரமாகிவிட்டார்கள். 2002-ல் பஹ்ரைனில் விளாடிமிர் கிராம்னிக் டீப் ஃப்ரிட்ஸுடன் ஆடினார். அந்த மென்பொருளை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிட்டார்கள், வீட்டில் ஆடிப் பழகிக்கொள்ளட்டும் என்று. நாலு ஆட்டம் முடிந்தபோது கிராம்னிக் 3-1 என்று முன்னால் இருந்தார். கடைசியில் 4-4. 2003-ல் காஸ்பரோவ் இரண்டு மெஷின்களுடன் ஆடினார். டீப் ஜூனியருடன் 3-3, எக்ஸ்3டி ஃப்ரிட்ஸுடன் 2-2. அட, சமமாகத்தானே போகிறது என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

2005 ஜூனில் லண்டனில் விழுந்தது அடி. அப்போது உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவரான மைக்கேல் ஆடம்ஸ், ஹைட்ரா என்ற மெஷினிடம் ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி, ஒரு டிரா. அதே வருஷம் நவம்பரில் ஸ்பெயினின் பில்பாவோவில் மூன்று முன்னாள் உலக சாம்பியன்கள் மூன்று மெஷின்களோடு மோதி 8-4 என்று தோற்றார்கள். அதில் ருஸ்லான் பொனமாரியோவ் நவம்பர் 21 அன்று ஃப்ரிட்ஸை ஒரு ஆட்டத்தில் ஜெயித்தார். முழு நேரப் போட்டியில், எந்தச் சலுகையும் இல்லாமல், முன்னணி மெஷின் ஒன்றை மனுஷன் ஜெயித்த கடைசி ஆட்டம் என்று செஸ் வட்டாரத்தில் இதைத்தான் சொல்வார்கள்.

2006-ல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக் மறுபடி டீப் ஃப்ரிட்ஸுடன் உட்கார்ந்தார். அப்போது அவர்தான் உலக சாம்பியன். விதிகளைப் பாருங்கள். மென்பொருள் முன்கூட்டியே கிடைத்தது. அது மட்டுமல்ல, மெஷின் தன் ஓபனிங் புத்தகத்திலிருந்து ஆடுகிற வரை, அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று கிராம்னிக் திரையில் பார்த்துக்கொள்ளலாம்! பரீட்சை ஹாலில் வாத்தியாரே விடைத்தாளைத் திறந்து காட்டுகிற மாதிரி. அப்படியும் 4-2 என்று தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் அடுத்த நகர்த்தலிலேயே மேட் ஆவதைக் கவனிக்காமல் ராணியை நகர்த்திவிட்டார். உலக சாம்பியன்!

கவனித்தீர்களா? விதிகள் மனுஷனுக்குச் சாதகமாக மாற மாற, முடிவு அவனுக்குப் பாதகமாக மாறிக்கொண்டே போனது. 1997-ல் மனுஷன் ஜெயித்திருக்க முடியும், விதிகள் சரியில்லை. 2006-ல் விதிகள் தங்கமாக இருந்தன, ஜெயிக்க முடியவில்லை.

"மெஷின் வேகமாகிவிட்டது, அவ்வளவுதானே" என்பான் என் அறை நண்பன். அதுவும் இல்லை. டீப் ப்ளூ ஒரு விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. 2006-ல் கிராம்னிக்கை ஜெயித்த டீப் ஃப்ரிட்ஸ் பார்த்தது விநாடிக்கு 80 லட்சம்தான். 2009-ல் புவனோஸ் ஐரிஸில் நடந்த ஒரு போட்டியில் பாக்கெட் ஃப்ரிட்ஸ் என்ற மென்பொருள் ஒரு சாதாரண மொபைல் போனில் ஓடி, பத்து ஆட்டத்தில் ஒன்பதரை எடுத்தது. அது விநாடிக்கு 20,000 நிலைகளைக்கூடப் பார்க்கவில்லை. வேகத்தை நம்பி ஜெயித்த காலம் போய், எதைப் பார்க்கத் தேவையில்லை என்று தெரிந்துகொண்டதால் ஜெயிக்கும் காலம் வந்துவிட்டது. 2020-ல் ஸ்டாக்ஃபிஷ் மென்பொருளில் நியூரல் நெட்வொர்க்கும் சேர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம். மனிதர்களில் மாக்னஸ் கார்ல்சன் 2014-ல் தொட்ட 2882 புள்ளிதான் இதுவரை உச்சம். மெஷின்களுக்கான தனிப் பட்டியலில் ஸ்டாக்ஃபிஷ் 3500-க்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே தராசு இல்லை என்பதால் நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் இந்தப் புள்ளிக் கணக்கில் 400 வித்தியாசம் என்றாலே பலம் பத்துக்கு ஒன்று என்று அர்த்தம். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

சரி, குறுக்கு வழி? இருந்தது. மெஷினுக்குப் பிடிக்காத நிலைக்கு அதை இழுத்துக்கொண்டு போவது. சிப்பாய்களை எல்லாம் ஒன்றுக்கொன்று முட்டவிட்டு, பலகையைப் பூட்டிவிட்டு, சும்மா முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருப்பது. 2008-ல் ஹிகாரு நகமுரா, அந்த நாளில் கொடிகட்டிப் பறந்த ரிப்காவை ஒரு பிளிட்ஸ் ஆட்டத்தில் இப்படித்தான் மடக்கினார். 271 நகர்த்தல்! சிப்பாயை நகர்த்தாமல், காயையும் வெட்டாமல் 50 நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம் என்று விதி இருக்கிறது. காய்க் கணக்கில் தான்தான் முன்னால் இருக்கிறோம் என்று நினைத்த ரிப்கா, டிராவைத் தவிர்ப்பதற்காகக் கையில் இருந்ததை விட்டுக்கொடுத்து, கடைசியில் தோற்றது. நகமுரா வேண்டுமென்றே சிப்பாய்களை ராணியாக்காமல் பிஷப்புகளாக மாற்றி வெறுப்பேற்றினார் :-)

இது நியாயமா? என்னைக் கேட்டால் நூறு சதம் நியாயம். விதிக்குள் ஆடினார். எதிராளியின் பலவீனம் எங்கே என்று கண்டுபிடித்து அங்கே அடிப்பதுதானே ஆட்டம். மெஷின் களைப்படையாது என்பதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. அப்புறம் மெஷினுக்கு அடைத்த கதவு புரியாது என்பதைப் பயன்படுத்துவது மட்டும் எப்படி அநியாயமாகும்? என்ன, அந்தக் கதவும் இப்போது மூடிவிட்டது. இன்றைய மெஷின்களிடம் அந்தப் பருப்பு வேகாது.

மிச்சம் இருப்பது ஒரே வழி. காய் விட்டுக்கொடுத்து ஆடச் சொல்வது.

இந்த இடத்தில் பலரும் முகம் சுளிப்பார்கள். "ராணி இல்லாத கம்ப்யூட்டரை ஜெயிச்சதெல்லாம் ஒரு வெற்றியா?" என்று எங்கள் ஹாஸ்டலில் என்னையே கேட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் தெரு விளையாட்டில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒருத்தன் இருப்பான். எல்லோரையும்விடப் பொடியன். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, ரன் எடுத்தாலும் கணக்கில்லை. காய் விட்டுக்கொடுத்து ஆடுவது அந்த மாதிரி என்று நினைக்கிறார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. சப்பாணிக்குக் கணக்கே கிடையாது. காய் விட்டுக்கொடுக்கும் ஆட்டத்தில் தோற்றால் தோல்விதான், ஜெயித்தால் வெற்றிதான். ஆரம்பிக்கும் நிலை மட்டும்தான் வேறு, அதுவும் இருவருக்கும் தெரிந்தே. 19-ம் நூற்றாண்டில் பால் மார்ஃபி போன்ற பெரிய கைகள் சின்ன ஆட்டக்காரர்களுக்கு ஒரு குதிரையைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுவது சர்வ சாதாரணம். கோல்ஃபில் இன்றும் ஹேண்டிகேப் உண்டு. யாரும் அதைக் கேவலமாக நினைப்பதில்லை.

மெஷின்களுடனும் இது நடந்திருக்கிறது. 2007-ல் கிராண்ட்மாஸ்டர் யான் எல்வெஸ்ட்டுக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சிப்பாய் விட்டுக்கொடுத்தும் ரிப்கா ஐந்தரைக்கு இரண்டரை என்று ஜெயித்தது. 2016 ஜனவரியில் கொமோடோ விதவிதமான சலுகை கொடுத்து நகமுராவுடன் நாலு ஆட்டம் ஆடியது. மூன்று டிரா. கடைசி ஆட்டத்தில் நகமுராவுக்கு முதலில் நாலு நகர்த்தல் இலவசம். அதில்தான் தோற்றார்! சமீப வருஷங்களில் லீலா என்ற மென்பொருளை, குதிரை இல்லாமல் ஆடுவதற்கென்றே பழக்கிவிட்டிருக்கிறார்கள். பிளிட்ஸ் ஆட்டத்தில் அது கிராண்ட்மாஸ்டர்களையே படுத்துகிறது.

நானும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். பி.காம் புத்தி, கணக்கு எழுதாமல் தூக்கம் வராது. போனில் ஸ்டாக்ஃபிஷ், முழுப் பலத்தில். ராணி இல்லாமல் 20 ஆட்டம்: எனக்கு 17 வெற்றி. யானை ஒன்று இல்லாமல் 20 ஆட்டம்: 6 வெற்றி. குதிரை ஒன்று இல்லாமல் 20 ஆட்டம்: வெற்றி பூஜ்யம், டிரா ஒன்று. இந்த மூன்று வரியும் சேர்ந்து என் பலம் என்ன என்று காட்டுகிறது, எந்தச் சான்றிதழையும்விடத் துல்லியமாக. அந்த 6 வெற்றியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஏனென்றால் எப்படி வந்தது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். "யானை இல்லாத ஸ்டாக்ஃபிஷை 6 தடவை ஜெயித்தேன்" என்றால் அது உண்மையும் நியாயமும். "ஸ்டாக்ஃபிஷை 6 தடவை ஜெயித்தேன்" என்று மட்டும் சொன்னால் எண் சரி, படம் கோணல்.

இதெல்லாம் பொழுதுபோக்குதானே, நியாயம் பற்றி இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

1770-ல் வியன்னாவில் கெம்பலன் என்பவர் 'துருக்கியன்' என்று செஸ் ஆடும் ஒரு பொம்மையைக் காட்டினார். உள்ளே ஒரு ஆள் ஒளிந்திருந்து ஆடினான். 1997-ல் காஸ்பரோவ் சந்தேகப்பட்டதும் அதைத்தான், மெஷினுக்குள் மனுஷ மூளை இருக்கிறதோ என்று. 2006-ல் எலிஸ்டாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கதை தலைகீழ். கிராம்னிக் அடிக்கடி கழிவறைக்குப் போகிறார் என்று டோபலோவ் தரப்பு புகார் கொடுத்தது. இப்போது சந்தேகம் மனுஷனுக்குப் பின்னால் மெஷின் இருக்கிறதோ என்று! ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அன்றிலிருந்து நன்றாக ஆடுகிறவன் மேல் எல்லாம் ஒரு கண்.

அந்தக் கண் எங்கள் மட்டத்துக்கும் வந்துவிட்டது. போன வருஷம் ஒரு கல்லூரியில் நடந்த போட்டிக்குப் போயிருந்தோம். எங்கள் ஜூனியர் ஒருத்தன், ரேட்டிங் எதுவும் இல்லாதவன், நாலாவது சுற்றில் நல்ல ரேட்டிங் உள்ள ஒருவரை அழகாக ஜெயித்தான். கை குலுக்கி முடித்த பிறகு அவர் நடுவரிடம் போய் "இவன் நடுவில் எழுந்து வெளியே போனான்" என்றார். அங்கே போனை வாங்கி வைக்கும் ஏற்பாடே இல்லை. எல்லோர் பையிலும் போன் இருந்தது, புகார் சொன்னவர் பையிலும்தான். எல்லோர் முன்னாலும் இவன் பையை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு டிபன் பாக்ஸ், அணைத்து வைத்த போன், ஒரு குடை. வெற்றி அவனுக்குத்தான் என்று நடுவர் சொல்லிவிட்டார். ஆனால் அடுத்த இரண்டு சுற்றிலும் அவன் பலகையைப் பார்த்து ஆடவில்லை, சுற்றி நிற்பவர்களைப் பார்த்து ஆடினான். இரண்டும் தோல்வி. பஸ்ஸில் வரும்போது "அண்ணா, தப்பா ஆடியிருந்தா நம்பியிருப்பாங்கல்ல?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால், 1997-ல் காஸ்பரோவுக்கு இருந்த குறையும் இவனுக்கு இருந்த குறையும் ஒன்றுதான். என்ன சோதனை, யாருக்குச் சோதனை, எதைக் காட்ட வேண்டும் என்பதை ஆட்டத்துக்கு முன்னால் யாரும் பேசி வைக்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு, தோற்ற வலியில் பேசினார்கள். ஆட்டத்துக்குப் பிறகு போடும் விதி யாருக்கும் நியாயமாகாது. ஜெயித்தவனுக்கும் ஆகாது, தோற்றவனுக்கும் ஆகாது.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம்ம சென்னைப் பையன் குகேஷ் டிங் லிரனை ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனாரே, அந்தக் கடைசி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். நம் கையில் இருக்கிற போன் அரை விநாடியில் அதைத் தவறு என்று சொல்லிவிடும். ஆனாலும் அதனால் அந்த வெற்றி குறைந்துவிடாது. இருவருமே போனை வெளியே விட்டுவிட்டு, ஒரே விதிக்குச் சம்மதித்து உட்கார்ந்தவர்கள். போனுக்குத் தெரிந்தது இருவருக்கும் தெரியாது என்பதுதான் அங்கே சமம்.

ஆகவே என் பதில் இது. சமமான காய்களோடு இன்றைய மெஷினை மனுஷன் ஜெயிக்க முடியாது. அதில் வருத்தப்பட எதுவும் இல்லை, பஸ்ஸோடு ஓட்டப்பந்தயம் யாரும் வைப்பதில்லை. ஆனால் நியாயமாக ஜெயிக்க முடியும். சலுகை என்ன என்று முன்பே சொல்லி, இருவரும் ஒப்புக்கொண்டு, முடிவோடு சேர்த்து அதையும் எழுதி வைத்தால் போதும். அநியாயம் சலுகையில் இல்லை, அதை மறைப்பதில் இருக்கிறது.

எங்கள் அணியில் இப்போது ஒரு பழக்கம் கொண்டுவந்திருக்கிறோம். பயிற்சி ஆட்டமாக இருந்தாலும் உட்காரும் முன் எல்லோரும் போனை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். முதலில் போடுவது சீனியர்கள். அந்த ஜூனியர் மறுபடி நன்றாக ஆட ஆரம்பித்திருக்கிறான். என் நாலாவது போர்டுக்கு ஆபத்து வந்துவிட்டது என்பது தனிக்கதை :-)

குதிரை இல்லாத ஸ்டாக்ஃபிஷை, அவசரமில்லாமல் நிதானமாக ஆடி, நகர்த்தலைத் திரும்பப் பெறாமல் ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும். என் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது.